தம்பி மகளுக்குத் 'தடாதகை' என்று பேர் வைக்கலாமா? பொருள் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

செல்லூர் அத்தை:
எல்லாருக்கும் வணக்கம். என் தம்பிக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. சுவாதி நட்சத்திரம், நாலாம் பாதம். 'த' எழுத்தில் பேர் வைக்கச் சொல்லி ஜோசியர் எழுதிக் கொடுத்திருக்கிறார். எங்கள் பக்கம் பிள்ளையைத் தொட்டிலில் போடும்போது அத்தைக்காரிதான் காதில் மூன்று தடவை பேரைச் சொல்ல வேண்டும். என் வாயால் சொல்லப்போகிற பேர் என்பதால் சரியாகத் தெரிந்துகொண்டு சொல்ல ஆசைப்படுகிறேன்.

தாரா, தன்யா, தர்ஷினி என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தபோது எங்கள் அம்மா, "தடாதகைன்னு வைங்கடா, ஆத்தா ஆண்ட பேரு" என்றார். தம்பிக்கு அப்பவே பிடித்துப்போய்விட்டது. சம்பந்தி வீட்டார் மேலூர்ப் பக்கம். அந்த அம்மா, "தாடகையா? பச்சப்பிள்ளைக்கு அரக்கி பேரையா வைப்பாக?" என்று கண்கலங்கிவிட்டார். அது வேற, இது வேற என்று சொன்னாலும் அவர் மனசு ஆறவில்லை.

இந்தப் பேருக்கு உண்மையில் என்ன பொருள்? தமிழா, வடமொழியா? பள்ளிக்கூடம், ஆபீஸ் என்று இந்தப் பேரோடு ஒரு பிள்ளை காலம் தள்ள முடியுமா? மதுரைக்காரர்கள் சொல்லுங்கள்.

வடக்குமாசி வீதி:
அக்கா, சம்பந்தியம்மாவைச் சித்திரைத் திருவிழா எட்டாம் நாள் ராத்திரி ஒரு தடவை கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள். அன்றைக்குத்தான் பட்டாபிஷேகம். அம்மன் சன்னதி ஆறுகால் பீடத்தில் வைத்து ராயர் கிரீடம் சூட்டி, பாண்டியருக்குரிய வேப்பம்பூ மாலை சாத்தி, நவரத்தினச் செங்கோலைக் கொடுப்பார்கள். அந்தச் செங்கோலை வாங்குகிற மீனாட்சிதான் தடாதகை.

மறுநாள் திக்விஜயம். எங்கள் மாசி வீதிகளில் நடக்கும். எட்டுத் திக்குக் காவலரையும் ஜெயித்து, நந்தியோடும் மோதி, கடைசியில் சுவாமிக்கு எதிரே வந்து நிற்பாள். பத்தாம் நாள்தான் திருக்கல்யாணம். அதாவது கல்யாணத்துக்கு முன்னாடியே அவளுக்குப் பட்டம் கட்டியாச்சு, ஊரைச் சுற்றி ஜெயித்தும் ஆச்சு. சித்திரையில் ஏற்ற செங்கோல் ஆவணி வரைக்கும் அவள் கையில்தான். ஆவணி மூலத்தில் சுவாமிக்குப் பட்டம் கட்டிய பிறகுதான் சுவாமி ஆட்சி. மதுரைப் பிள்ளைக்கு இந்தப் பேர் எப்படி அரக்கி பேர் ஆகும்?

திருமங்கலம் தமிழாசிரியர்:
அம்மா, உங்கள் தாயார் சொன்ன 'ஆத்தா ஆண்ட பேரு' என்பது மிகச் சரியான விளக்கம். நூலில் உள்ளதை மட்டும் சொல்கிறேன்.

பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் மொத்தம் 64 படலம்; மதுரைக் காண்டம், கூடற்காண்டம், திருவாலவாய்க் காண்டம் என மூன்று பகுதி. நாலாவது படலமே 'தடாதகைப் பிராட்டியார் திருவவதாரப் படலம்'. மலயத்துவச பாண்டியனுக்கும் காஞ்சனமாலைக்கும் பிள்ளையில்லை. அவன் 99 அசுவமேதம் செய்து முடிக்கிறான். நூறு நிறைந்தால் தன் பதவி போய்விடுமே என்று அஞ்சிய இந்திரன், மகப்பேற்று வேள்வி செய் என்று வழிமாற்றிவிடுகிறான். அந்த வேள்வித் தீயிலிருந்து மூன்று வயதுச் சிறுமியாக அம்மை தோன்றி, காஞ்சனமாலையின் மடியில் வந்து உட்கார்கிறாள். அரசன் மகனை எதிர்பார்த்தவன். மகள் வந்தாள், அவளுக்கும் மூன்று தனங்கள். அவன் கலங்கி நிற்கும்போது அசரீரி எழுகிறது: மைந்தனுக்குச் செய்யும் சடங்கெல்லாம் இவளுக்கு வேத முறைப்படி செய், தடாதகை என்று பெயரிடு, முடி சூட்டு, கணவன் எதிரே வரும்போது ஒரு தனம் மறையும்.

பெயரும் முடியும் ஒரே வாக்கில் வருகின்றன. தொட்டிலோடு வந்த பெயர் என்பதைவிட அரியணையோடு வந்த பெயர் என்பதே பொருத்தம்.

பொருள்: தடா என்றால் தடுக்க முடியாத, தகை என்றால் பெருமை, தகுதி, மேன்மை. ஆகத் தடுத்தற்கரிய பெருமை உடையவள் என்று வழிவழியாகச் சொல்லி வருகிறோம். 'தகை' எவ்வளவு அருமையான சொல் என்பதற்குக் குறளே சாட்சி. "தற்காத்துத் தற்கொண்டாற் பேணித் தகைசான்ற சொற்காத்துச் சோர்விலாள் பெண்." தகைமை, தகுதி, தக்கார் எல்லாம் அதே வேரில் கிளைத்தவை.

இலக்கணப் பித்து:
ஐயா மேல் மரியாதை உண்டு. ஆனால் 'தடா + தகை' என்று பிரிப்பதில் ஒரு இடறல் இருக்கிறது. அதைச் சொல்லாமல் போனால் கேட்கிறவருக்கு நியாயம் செய்ததாகாது.

விடாக்கண்டன், கொடாக்கண்டன் என்கிறோம். செல்லாக்காசு, ஓடாக்குதிரை என்கிறோம். ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சத்துக்குப் பின்னால் வல்லினம் மிகும். இது பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த விதி. அப்படியானால் இந்தப் பெயர் 'தடாத்தகை' என்றல்லவா வந்திருக்க வேண்டும்? எங்கேயும் ஒற்று இல்லாமல்தான் வருகிறது.

தமிழாகவே பிரித்தாக வேண்டும் என்றால் 'தடாத + கை' என்று பிரிக்கலாம். ஓடாத குதிரை போல அங்கே ஒற்று மிகாது. வாரி வழங்குவதைத் தடுக்காத கை என்று பொருள் வரும். இது நான் பிரித்துப் பார்ப்பது; மரபில் வரும் விளக்கம் இது இல்லை.

'தட' என்பதற்குப் பெரிய என்று பொருள் சொல்வோரும் உண்டு. "தடவும் கயவும் நளியும் பெருமை" என்று தொல்காப்பியமே சொல்கிறது. தடக்கை, தடந்தோள் எல்லாம் அதில் வந்தவைதான். ஆனால் அந்த வழியில் போனால் 'டா' என்ற நெடில் எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாது.

ஒலியை மட்டும் பார்த்தால் வடமொழி வழி நேராக இருக்கிறது. ஆலவாயின் கதைகளைச் சொல்லும் ஹாலாஸ்ய மாஹாத்மியத்தில் அம்மையின் பெயர் தடாதகா. சீதா சீதை ஆனது, கங்கா கங்கை ஆனது. தடாதகா தடாதகை ஆவதற்கு ஒரு தடையும் இல்லை. ஆனால் வடமொழியிலும் அந்தச் சொல் தனியாகப் பொருள் சொல்லி நிற்கவில்லை. தடாகம் ஒலியில் பக்கத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். ஒரு அரசிக்குக் குளத்தின் பெயர் ஏன் என்பதற்குக் கதையில் விடையில்லை. தென்னாட்டுப் பெயர் ஒன்று வடமொழி உடுப்புப் போட்டுத் திரும்பி வந்ததா, அங்கிருந்தே வந்ததா என்பதில் அறிஞர்கள் நடுவில் கருத்து ஒன்றாக இல்லை.

மேலூர் மாமா:
பொருள் என்னவாக இருந்தாலும், கூப்பிடுகிற வாயைப் பற்றி யோசியுங்கள் தாயி. நாலெழுத்துப் பேரை எவனும் முழுசாகக் கூப்பிட மாட்டான். 'தடா' என்று வெட்டிவிடுவான். எங்கள் வயசுக்காரர்களுக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் 1995-ல் காலாவதியான 'தடா' என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டம்தான் ஞாபகம் வரும். இன்றைக்கும் பேப்பரில் "நடைப்பயணத்துக்குத் தடா" என்று போடுகிறான். பிள்ளைக்கு அது வேண்டாம். கூப்பிடும் பேரை நீங்களே முதலில் முடிவு செய்துவிடுங்கள், மற்றவன் வெட்டுவதற்குள்.

திருமங்கலம் தமிழாசிரியர்:
இலக்கணப் பித்து சொன்ன சந்தி விதி சரியானது. அதனால்தான் 'வழிவழியாகச் சொல்லி வருகிறோம்' என்று எழுதினேன். பெயர்க் காரணம் என்பது வேர்ச்சொல் ஆராய்ச்சி மட்டும் இல்லை. ஒரு பெயரைக் கேட்ட மக்கள் அதில் என்ன கண்டார்கள் என்பதும் அந்தப் பெயரின் வரலாற்றில் சேர்த்தி. தடுக்க முடியாதவள் என்று தமிழர்கள் அதைக் கேட்டார்கள் என்றால் அதற்குக் காரணம் திக்விஜயம். கைலாயம் வரை போய் நின்றவளைப் பற்றி வேறு எப்படி எண்ணுவார்கள்? பிள்ளையின் காதில் சொல்லும்போது இந்தப் பொருளைச் சொல்லுங்கள். சொற்பிறப்பை அவள் வளர்ந்து தானே படித்துக்கொள்ளட்டும்.

கயற்கண்ணி:
செல்லூர் அத்தைக்கு. என் பேர் அங்கயற்கண்ணி. அதனால் அபூர்வமான பேரோடு காலம் தள்ள முடியுமா என்ற கேள்விக்கு நான் பதில் சொல்லலாம்.

ஆங்கிலத்தில் தப்பாக எழுதுவதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. வருத்தம் எல்லாம் தமிழில் தப்பாக எழுதுவதில்தான். அம் + கயல் + கண்ணி, அழகிய கயல்மீன் போன்ற கண் உடையவள். ஆனால் கல்யாணப் பத்திரிகையில் இருந்து ரேஷன் கார்டு வரைக்கும் 'அங்கையற்கண்ணி' என்றே அடிக்கிறார்கள். 'அங்கை அற்ற' என்று அது வேறு எங்கோ போய்விடுகிறது. ஒவ்வொரு இடத்திலும் நின்று திருத்தியிருக்கிறேன். இன்றைக்கும் திருத்துகிறேன். உங்கள் மருமகளும் திருத்த வேண்டியிருக்கும். அதற்கு அவளைத் தயார் செய்யுங்கள்.

ஆனால் இந்தப் பேருக்காக நான் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை. பேரைக் கேட்டவர்கள் அடுத்த கேள்வியாக "என்ன அர்த்தம்?" என்பார்கள். ஏழாம் நூற்றாண்டில் மங்கையர்க்கரசியார் அழைத்து மதுரைக்கு வந்த சம்பந்தர், "அங்கயற்கண்ணி தன்னொடும் அமர்ந்த ஆலவாய் ஆவதும் இதுவே" என்று பாடினார் என்று சொல்வேன். அத்தனை பழமையான சொல்லை என் அப்பா எனக்குக் கொடுத்தார் என்ற நினைப்பே என்னை நிமிர்ந்து நிற்க வைத்திருக்கிறது.

இன்னொன்றும் தோன்றுகிறது. மீனாட்சி, அங்கயற்கண்ணி, இப்போது எல்லாரும் ஆசையாக வைக்கிற கயல்விழி, மூன்றும் ஒரே பேர்தான். கண்ணைச் சொல்கிற பேர். மரகதவல்லி என்பது நிறத்தைச் சொல்கிற பேர். அம்மனுக்கு மதுரையில் வழங்குகிற பேர்களில் அவள் கண்ணையும் நிறத்தையும் சொல்லாமல் அவள் செய்ததைக் கொண்டு நினைவில் நிற்பது தடாதகை. எனக்கு மகள் பிறந்தபோது இது ஏன் என் மனசில் படவில்லை என்று இப்போது ஏங்குகிறேன்.

பனந்தாள் பேரன்:
தாடகை என்றதும் அரக்கி என்று எல்லாரும் ஒதுங்குகிறார்கள். அந்தப் பேருக்காகவும் ஒரு வார்த்தை பேச வேண்டும்.

கம்பராமாயணத்துத் தாடகை பிறவியில் அரக்கி இல்லை. சுகேது என்ற யட்சனின் மகள். அகத்தியர் சாபத்தால் அரக்கியானவள். அது ஒரு தாடகை. எங்கள் ஊர் திருப்பனந்தாளில் இன்னொரு தாடகை இருக்கிறாள். பிள்ளை வரம் வேண்டிச் சிவபூஜை செய்தவள். இரண்டு கையிலும் மாலையைப் பிடித்துக்கொண்டு சாத்தப் போகும்போது சேலை நழுவியது. மாலையை விடவும் முடியாமல் மானத்தை விடவும் முடியாமல், முழங்கையால் சேலையை இடுக்கிக்கொண்டு தவித்தாள். அவள் மாலை சாத்துவதற்காகச் சிவலிங்கமே தலையைச் சாய்த்துக் கொடுத்தது. அந்தச் சாய்வைப் பின்னால் கழுத்தில் கயிறு கட்டி இழுத்து நிமிர்த்தியவர் குங்கிலியக்கலய நாயனார். சம்பந்தர் தேவாரத்தில் அந்தக் கோயிலுக்குப் பேரே தாடகையீச்சரம். ஒரு பெண்ணின் வெட்கத்தைக் காப்பாற்றச் சுவாமி தலை சாய்த்த ஊருக்கு அவள் பேரையே வைத்திருக்கிறார்கள்.

ஆகவே தடாதகை வேறு, தாடகை வேறு என்பது சரி. ஆனால் யாராவது மாற்றிக் கூப்பிட்டாலும் குறைந்துபோக ஒன்றும் இல்லை என்று சம்பந்தியம்மாவிடம் சொல்லுங்கள்.

செல்லூர் அத்தை:
எல்லாருக்கும் கோடி நன்றி. பனந்தாள் பேரன் எழுதியதைச் சம்பந்தியம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கடைசி வரியில் அவர் கையெடுத்துக் கும்பிட்டார். அந்தப் பக்கம் சரியாகிவிட்டது.

ஆனால் தம்பி பெண்டாட்டி தனியாக என்னைக் கூப்பிட்டு, "மதினி, எனக்குத் தாடகையெல்லாம் பயமில்லை. அந்த மூணு தனம் கதைதான் பயம். எட்டாங்கிளாஸ் படிக்கிற வயசில் ஒருத்தன் கதையைப் படித்துவிட்டு வந்து கேலி பேசினால் பிள்ளை என்ன செய்யும்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. பெண் பிள்ளைகளை வளர்த்தவர்கள் சொல்லுங்கள்.

விளாச்சேரி வாசகி:
உங்கள் தம்பி பெண்டாட்டி கேட்டது நியாயமான கேள்வி. அதை மழுப்பாமல் பேச வேண்டும்.

இந்தக் கதையை எனக்கு முழுசாகப் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். தகப்பன் வேண்டியது மகனை. வந்த மகளை மகனைப் போல வளர் என்பதுதான் தெய்வ வாக்கு. உலகத்தையே ஜெயித்தவள் கடைசியில் மாப்பிள்ளையைப் பார்த்த கணத்தில் நாணித் தலை குனிகிறாள்; மூன்றாவது தனம் மறைகிறது. அவள் உடம்பில் குறை இருந்ததாகவும், புருஷன் வந்து தீர்த்ததாகவும் நாம் சொல்லிக்கொள்கிறோம். பெண் பிள்ளைக்கு இதை அப்படியே சொல்லிக் கொடுக்க எனக்கு மனசு வராது.

ஆனாலும் புது மண்டபத்துக்குப் போய்த் தூணைப் பாருங்கள். திருமலை நாயக்கர் காலத்துச் சிற்பி அவளை மூன்று தனத்தோடுதான் நிறுத்தியிருக்கிறான். மறைக்கவில்லை, கூனிக்குறுகவும் வைக்கவில்லை. அரசி நிற்கிற நிலை அது. அந்தத் தூணுக்குப் பக்கத்தில் காலங்காலமாகத் தையல் மிஷின்கள் ஓடின, பாத்திரமும் புத்தகமும் விற்றார்கள்; பிள்ளைக்குட்டிகளோடு ஜனம் அவளைக் கடந்து போனது. யாரும் சிரித்ததில்லை. மதுரை அந்த உடம்பை அப்படியே ஏற்றுக்கொண்டது. கல்லில் இருப்பதைத் தாய் தன் மகளுக்கு ஏழெட்டு வயசிலேயே கூட்டிப்போய்க் காட்டிவிட வேண்டும். முதலில் அம்மா வாயால் கேட்ட கதையை வைத்து அப்புறம் யாரும் கேலி செய்ய முடியாது. நான் என் பெண்களுக்கு எல்லாவற்றையும் அப்படித்தான் சொன்னேன்.

பேர் வைக்கலாமா என்று கேட்டால், வையுங்கள் என்றுதான் சொல்வேன். கணவன் வந்து மாற்றியது உடம்பை. பேர் அதற்கு முந்தியது. ஆண்டதும் போருக்குப் போனதும் அந்தப் பேரில்.

வடக்குமாசி வீதி:
வாசகி அக்கா சொல்வதோடு ஒன்று சேர்க்கிறேன். தலை குனிந்தாள் என்று புராணம் சொன்னாலும் ஊர் வழக்கம் அவளைத் தலை குனிய விடவில்லை. இங்கே முதலில் அம்மன் சன்னதி, பிறகுதான் சுவாமி சன்னதி. புதுசாகக் கல்யாணம் ஆன வீட்டில், "உங்க வீட்ல மதுரையா சிதம்பரமா?" என்று கேட்பதே அவளை வைத்துத்தானே! திருக்கல்யாணத்தன்றைக்கு ஊர்ப் பெண்கள் புது மஞ்சள் கயிறு மாற்றிக்கொள்வார்கள். சரிதான். ஆனால் அதற்கு முந்தின முந்தின ராத்திரி செங்கோல் கொடுக்கும்போது நிற்கிற கூட்டத்தையும் பாருங்கள். வருஷா வருஷம் பட்டம் கட்டுவது புருஷன் வீட்டுக்குப் போய்விட்ட பெண்ணுக்கு இல்லை, இந்த மண்ணை ஆளுகிற பெண்ணுக்கு.

ஆறுகால் பீடம் என்று முன்னாடி எழுதினேன் இல்லையா, பரஞ்சோதி முனிவர் தன் புராணத்தை அரங்கேற்றியதாகச் சொல்வதும் அங்கேதான். அவள் பேர் சொல்லும் நூல் அரங்கேறிய இடமும் அவள் முடி சூடும் இடமும் ஒன்று.

கீழவாசல் வரலாறு:
மதுரைக்குப் பெண்ணரசு புதிதில்லை. மெகஸ்தனிஸ் சொன்னதாக அரியன் எழுதிய 'இண்டிகா'வில் ஒரு செய்தி வருகிறது. ஹெரக்ளிஸ் என்பவனுக்கு ஒரே மகள், பேர் பண்டையா. அவள் பிறந்து ஆண்ட நாட்டுக்கு அவள் பேரே வழங்கியது. தகப்பன் அவளுக்கு 500 யானை, 4,000 குதிரை, 1,30,000 காலாள் கொடுத்தான். கி.மு. நான்காம் நூற்றாண்டின் கடைசியில் இந்தியா வந்த ஒரு கிரேக்கர் காதுக்கு, தெற்கே ஒரு மகள் ஆண்டாள் என்ற பேச்சு போய்ச் சேர்ந்திருக்கிறது. நாட்டுப்பாட்டில் வருகிற அல்லி அரசாணி ஆண்டதும் மதுரையைத்தான். 'அல்லி ராஜ்ஜியம்' என்று இன்றைக்கும் பேசுகிறோம். 1689 முதல் 1706 வரை ராணி மங்கம்மாள் பேரனுக்காக ஆட்சியை நடத்தினார். புராணம், நாட்டுப்பாட்டு, சரித்திரம் மூன்றிலும் இந்த ஊர் ஒரு பெண்ணைச் சிம்மாசனத்தில் உட்கார வைத்திருக்கிறது.

இலக்கணப் பித்து:
பண்டையாவும் தடாதகையும் ஒருத்திதான் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரே மகள், தகப்பன் கொடுத்த நாடு என்ற ஒற்றுமை மனசை இழுக்கிறது, எனக்கும் இழுக்கிறது. ஆனால் இரண்டுக்கும் நடுவில் ஆயிரம் ஆண்டுக்கு மேல் இடைவெளி. மகள் ஆளும் கதை பாண்டிய நாட்டில் மிகப் பழமையானது என்ற அளவில் நிறுத்திக்கொள்வோம்.

அழகர்கோயில் பேத்தி:
எல்லாரும் பெரிய பேர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். என் அம்மாச்சி பேர் ராக்கு. அழகர்மலை உச்சியில் நூபுர கங்கையில் இருக்கும் ராக்காயி அம்மன் பேர். ராக்கு, பேச்சி, ஒச்சம்மா, சோணை, அழகம்மா என்று எங்கள் ஊர்ப் பக்கம் வீட்டுக்கு வீடு இருந்த பேர்களை இந்தத் தலைமுறை பிள்ளைகளுக்கு வைக்க வெட்கப்படுகிறார்கள். ஒவ்வொரு பேரும் ஒரு மலையையோ கண்மாயையோ காவல் தெய்வத்தையோ சொல்லும். அவை போனால் அந்த இடத்துக்கும் நமக்கும் இருந்த உறவும் போகும். தடாதகை வைக்கிறவர்களைப் பார்த்து நாலு பேர் ராக்காயி வைத்தால் எனக்குச் சந்தோஷம். பேச்சை வேறு பக்கம் இழுத்தேன் என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள், சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கயற்கண்ணி:
இழுக்கவில்லை தங்கச்சி, இதுவும் அதே பேச்சுதான். என் இரண்டாவது பேத்திக்கு ராக்காயி என்று கேட்டுப் பார்க்கப்போகிறேன்.

பதிவேட்டுப் பணியில் இருந்தவர்:
நடைமுறை விஷயம் ஒன்று. பிறப்பை 21 நாளுக்குள் பதிந்திருப்பீர்கள். அப்போதே பேர் கொடுத்தாக வேண்டும் என்று இல்லை. பேர் இல்லாமல் பதிந்து, 12 மாதத்துக்குள் கட்டணம் இல்லாமல் பேரைச் சேர்க்கலாம். அதற்குப் பிறகும் 15 வருஷம் வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்க முடியும். ஆகவே அவசரப்பட்டுச் சண்டை போட வேண்டாம். ஆனால் ஒரு தடவை ஏறிவிட்ட பேரை மாற்றுவது பெரிய அலைச்சல். அரசிதழ் வரைக்கும் போக வேண்டியிருக்கும். எழுத்துக்கூட்டலை வீட்டில் எல்லாரும் கூடி முடிவு செய்த பிறகு விண்ணப்பம் கொடுங்கள்.

இந்தப் பேரில் த, ட இரண்டும் அடுத்தடுத்து வருவதால் ஆங்கிலத்தில் கவனம் வேண்டும். இரண்டு த-வுக்கும் எச் சேர்த்து எழுதுங்கள், நடுவில் இருக்கிற டா-வுக்கு எச் வேண்டாம். எல்லாவற்றுக்கும் எச் இல்லாமல் எழுதினால் வெளியூர்க்காரர் 'டடாடகை' என்று வாசிப்பார். எல்லாவற்றுக்கும் போட்டால் 'தாதாதகை' ஆகும். தமிழில் எழுதும்போது நடுவில் 'த்' போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

செல்லூர் அத்தை:
நேற்று ராத்திரி வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து இங்கே வந்த எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் வாசித்தோம். விளாச்சேரி வாசகி அக்கா எழுதியதைத் தம்பி பெண்டாட்டி இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாள். "புது மண்டபத்துக்கு நானே கூட்டிப்போறேன் மதினி" என்றாள். அதற்கு மேல் பேச்சு இல்லை. தடாதகை என்றே வைக்கிறோம். வீட்டில் கூப்பிட 'தகை'. தமிழாசிரியர் ஐயா குறளைக் காட்டியதால் வந்த யோசனை அது. மேலூர் மாமா பயந்த 'தடா' வருவதற்கு முன்னால் நாங்கள் முந்திக்கொள்கிறோம்.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. தகப்பன் பேரின் முதலெழுத்தும் 'த'. இனிஷியலை முன்னால் போட்டால் 'த. தடாதகை' என்று வருகிறது. தாய் பேரின் முதலெழுத்தையும் சேர்த்துப் போடலாம் என்று தம்பி சொல்கிறான். அவள் பேர் மீனா.

பதிவேட்டுப் பணியில் இருந்தவர்:
தாராளமாகப் போடலாம் அம்மா. ஆனால் இனிஷியலைப் பேரோடு சேர்த்து எழுதுவதா, தனியாக விடுவதா என்பதைப் பிறப்புச் சான்றிதழிலேயே முடிவு செய்துவிடுங்கள். பள்ளிச் சேர்க்கை, ஆதார், பாஸ்போர்ட் எல்லாவற்றிலும் எழுத்துக்கு எழுத்து அதேபோல வர வேண்டும். சான்றிதழ் கைக்கு வந்ததும் அங்கேயே நின்று தமிழ், ஆங்கிலம் இரண்டையும் சரிபார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.